கண் சிமிட்ட இயலாதார்க்கும் கதவு திறக்குமா?

டாக்குரியா நிலையத்தில் தெற்கே செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் ஜாதவ்பூர். அங்குள்ள பல்கலைக்கழகமும் பாராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகமும் கூடி, 1966-ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்னும் கணிப்பொறியை இங்கேயே அமைத்து இயக்கின. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே பேராசிரியர் மகலநோபிஸ் அவர்கள் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் பொறியைத் தருவித்து அக்கழகத்தில் நிறுவியிருந்தார். நம் நாட்டுக்கு வந்த முதல் எண்முறைக் கணிப்பொறி அதுவே. கல்கத்தா என்றவுடன் கவிதை, கால்பந்து, ரசகுல்லா என்று மூன்றை மட்டும் நினைவுகூரும் நம் ஊர் உறவினர்களுக்கு, அடுத்த முறை பேசும்போது இதையும் சொல்லி வைக்கலாம்.

பழம்பெருமை கிடக்கட்டும். இன்று நம் சங்கத்துக் குடும்பங்களில் கணிப்பொறித் தொழிலோடு தொடர்பில்லாத வீடு அருமையாகி வருகிறது. தாத்தா ரயில்வேயிலோ துறைமுகத்திலோ கணக்கராயிருந்தார். தந்தை வங்கியில் அதிகாரி. மகளோ மகனோ சால்ட் லேக் ஐந்தாம் பிரிவிலோ நியூ டவுனிலோ ஒரு கண்ணாடி மாளிகையில் அமர்ந்து, கோடிக்கணக்கானோர் கைபேசியில் தொட்டுப் பயன்படுத்தும் செயலிகளை உருவாக்குகிறார்கள். முப்பது வயதில் பத்துப் பேருக்குத் தலைவராகவும் ஆகிவிடுகிறார்கள். அந்தப் பத்துப் பேரில் நிரல் எழுதுவோர் இருப்பர். சித்திரம் தீட்டுவோர் இருப்பர். எந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும் என்று வகுப்போர் இருப்பர். திரையில் தோன்றும் சொற்களைத் தேர்ந்து எழுதுவோரும் இருப்பர்.

இத்தகைய குழுத் தலைவர்களுக்கு இப்போது இரண்டு திக்கிலிருந்து கட்டளை வருகிறது. எல்லா வேலையிலும் செயற்கை நுண்ணறிவைப் புகுத்துக என்கிறது மேலிடம். செய்கின்ற பொருள் பார்வையற்றோர்க்கும், செவி கேளாதார்க்கும், கை நடுங்கும் முதியோர்க்கும் பயன்படுவதாக இருக்கட்டும் என்கிறது சட்டம். இரண்டும் முரணானவை அல்ல. ஆயினும் இரண்டையும் மூன்று மாதத்துக்குள் முடி என்னும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. இரவு பத்து மணிக்கு வாடிய முகத்தோடு திரும்பும் பிள்ளையைப் பார்த்து, "அப்படி என்னதான் வேலையோ!" என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோர்க்கும், அந்தப் பிள்ளைகட்கும் பொதுவாக இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். பிரக்யா பிரசூன் என்னும் பெண்மணி அமில வீச்சுக்கு ஆளானவர். முகமும் கண்களும் பெரிதும் பாதிக்கப்பட்டவர். 2023-ஆம் ஆண்டில் வங்கியொன்றில் கணக்குத் தொடங்கச் சென்றார். இக்காலத்தில் அதற்குக் கைபேசியின் முன்னே முகத்தைக் காட்டவேண்டும். எதிரே இருப்பது உயிருள்ள மனிதர்தாமா, அல்லது யாரோ ஒருவர் பிறருடைய புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றுகிறாரா என்று கண்டறிய, ‘கண் சிமிட்டுக’ என்று யந்திரம் கேட்கும். அவரால் சிமிட்ட இயலவில்லை. யந்திரத்தின் கணக்கில் அவர் உயிருள்ளவராக நிரூபிக்கப்படவில்லை.

அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். பார்வையற்ற வழக்கறிஞரான அமர் ஜெயின் என்பவர் தொடுத்த வழக்கும் இதனோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. நீதிபதிகள் ஜே. பி. பர்டிவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் தீர்ப்பளித்தனர். (பின்னவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவர் என்பதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.) அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையில், மின்னணுச் சேவைகளைப் பெறும் உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதனோடு 20 கட்டளைகளையும் நீதிமன்றம் பிறப்பித்தது. கண் சிமிட்டலை மட்டும் நம்பாமல் மாற்று வழிகள் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. செயலியை வெளியிடுமுன் நடத்தும் பரிசோதனையில் பார்வையற்றோரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கட்டளையைக் குழுத் தலைவர்கள் தம் மேசைமீது எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கண் சிமிட்டும் சோதனையை வகுத்தவர்களிடம் வஞ்சம் ஏதும் இருந்ததாக நாம் கருதவில்லை. ஏமாற்றைத் தடுப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் அதை ஆலோசித்த அறையில், இமை மூடாத ஒருவரை அறிந்தவர் எவரும் இருந்திருக்கமாட்டார். இருந்திருந்தாலும் வாய் திறந்திருக்கமாட்டார். அந்த அறையில் யார் யார் உட்காரவேண்டும் என்று முடிவு செய்பவர் குழுத் தலைவர். அவருடைய பொறுப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முகத்தைப் பார்த்து அடையாளம் கூறும் யந்திரங்கள் பற்றி அமெரிக்காவில் ஜாய் புவோலம்வினி, திம்னித் கெப்ரு என்னும் இரு பெண்மணிகள் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. விற்பனையிலிருந்த யந்திர அறிவுச் சேவைகளை அவர்கள் சோதித்தனர். ஆணா பெண்ணா என்று கூறுவதில், வெளிர்நிற ஆடவரைப் பொறுத்தவரை பிழை நூற்றுக்கு ஒன்றைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்டிரைப் பொறுத்தவரை அது 34.7 வரை ஏறியது. நம் வீட்டுப் பெண்கள் எந்த வரிசையில் நிற்பவர்கள் என்பதை வாசகர்கட்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கே வருவோம். தாராதலாச் சாலையில் இந்திய மூளை முடக்குவாத நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. சுதா கௌல் அம்மையார் 1974-இல் தொடங்கிய ஸ்தாபனம் அது. மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளில் பலருக்கு அறிவு தெளிவாக இருக்கும். சொல்ல நினைப்பது உள்ளே முழுமையாக இருக்கும். நாவும் உதடும் மட்டும் பணிய மறுக்கும். கையும் எழுத உதவாது. பசி, வலி, கோபம், கேலி எல்லாம் நெஞ்சிலேயே நின்றுவிடும். பெற்ற தாய்க்குச் சைகையால் பாதி புரியும். பிறருக்கு அதுவும் புரியாது. புலம்பெயர்ந்து வந்து அண்டை வீட்டாரின் மொழி அறியாமல் சில மாதங்களேனும் தவித்த நம்மவர்க்கு இந்த நிலையின் ஒரு துளியாவது விளங்கும். நமக்கு அது சில மாதத்தில் தீர்ந்தது.

இத்தகைய குழந்தைகளுக்காகக் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அனுபம் பாசுவும் அவருடைய மாணவர்களும் ‘சன்யோக்’ என்னும் கருவியை உருவாக்கினர். கல்கத்தாவின் மேற்கூறிய நிறுவனத்துக் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் பழகி அமைத்தது அது. திரையில் சிறு சிறு படங்கள் வரிசையாக நிற்கும். ஓர் ஒளிக்கட்டம் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின்மேல் நகர்ந்து செல்லும். தனக்கு வேண்டிய படத்தின்மீது ஒளி வரும்போது, குழந்தை தன்னால் அசைக்கக்கூடிய ஏதேனும் ஓர் உறுப்பினால் ஸ்விட்ச்சை அழுத்தினால் போதும். முழங்கையோ, கன்னமோ, கால் பெருவிரலோ, எது பணிகிறதோ அதுவே கருவி. இப்படித் தேர்ந்த படங்களைக் கொண்டு கணிப்பொறி இலக்கணம் பிறழாத வாக்கியத்தை அமைத்து, வங்காளத்திலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ உரக்கப் பேசும்.

இதில் நம் சிந்தனைக்குரிய நுட்பம் ஒன்றுண்டு. படங்களை எந்த வரிசையில் நிறுத்துவது? ஒளிக்கட்டம் எவ்வளவு வேகமாக நகர்வது? அறிவியலார் தம் அறையில் அமர்ந்து இதற்கு விடை காண முடியாது. விரைவாக நகர்ந்தால் குழந்தை அழுத்துமுன் கடந்துவிடும். மெதுவாக நகர்ந்தால் ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று சொல்வதற்குள் தாகமே அடங்கிவிடும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வேகம். அதே குழந்தைக்குக் காலையில் ஒரு வேகம், களைத்த மாலையில் மற்றொரு வேகம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்க்கே இது தெரியும்.

சென்னையிலும் இதற்கு இணையான ஒரு முயற்சி நடந்தது. தம் மகனின் நிலை காரணமாக இத்துறைக்கு வந்த பூனம் நடராஜன் அம்மையார் 1985-இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் இன்று வித்யா சாகர் என்று வழங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன் என்னும் இளைஞர் 2007-இல் இன்வென்ஷன் லேப்ஸ் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். வித்யா சாகரின் ஆசிரியைகளும் மாணவர்களும் துணை நிற்க, ‘ஆவாஸ்’ என்னும் பேசும் கருவியை அவருடைய குழு உருவாக்கி 2010-இல் வெளியிட்டது. அதுவரை இத்தகைய கருவி வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து பல ஆயிரம் டாலர் கொடுத்து வரவழைக்க வேண்டும். வந்தாலும் அது நம் மொழியைப் பேசாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பத்திரிகை 2011-இல் உலகின் 35 இளம் புதுப்படைப்பாளர் பட்டியலில் அஜித் நாராயணனைச் சேர்த்தது.

ஆவாஸ் முதலில் தனிப் பெட்டியாகவே இருந்தது. பின்னர் ஐபேட் முதலிய பலகைக் கணிப்பொறிகள் வந்தபோது, குழுவினர் தம் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழவில்லை, மென்பொருளாக மாற்றினர். அதனால் பேச்சு இல்லாத குழந்தைகளேயன்றி, ஆட்டிசம் உடைய குழந்தைகளும் பெருமளவில் அதைக் கையாளத் தொடங்கினர். இவர்கள் வேறு விதமாகச் சிந்திப்பவர்கள். படம் பிடிபடும், ‘ஆல்’, ‘ஐ’, ‘கு’ போன்ற இலக்கணத் துணுக்குகள் பிடிபடா. அதைக் கண்டு அக்குழு புதியதொரு வழி வகுத்தது. வினையைக் குறிக்கும் படத்தை நடுவே வைப்பது. யார், எதை, எப்பொழுது என்னும் கேள்விகளை அதைச் சுற்றி நிறுத்துவது. விடைப் படங்களைப் பொருத்தினால் யந்திரம் வாக்கியமாக்கிக் கொள்ளும். 2013-இல் டெட் மேடையில் அஜித் நாராயணன் இதனை விளக்கினார். நம் பவணந்தி முனிவர் நன்னூலில் வினையைப் பற்றி வகுத்ததும் இதற்கு வெகு தூரமில்லை. ஒரு வினைச்சொல்லுக்குள்ளேயே செய்தவரும், செய்யப்பட்டதும், காலமும், இடமும், கருவியும் ஒளிந்து நிற்கின்றன என்பார் அவர். அயல்நாட்டு அரங்கில் புதுமை என்று கைதட்டு வாங்கிய எண்ணத்தின் மூத்த உறவை நம் பள்ளித் தமிழாசிரியர் அன்றே மனப்பாடம் செய்யச் சொன்னார்; நாம்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த இரு வரலாறுகளையும் சற்று விரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இவ்விரண்டிலும் யந்திரத்தின் அறிவு பிற்பாடு வந்தது. மனிதரோடு உட்கார்ந்த காலம் முன்னால் வந்தது. இன்று பல அலுவலகங்களில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் ஒரு செயற்கை நுண்ணறிவு யந்திரத்துக்குப் பணம் கட்டி வாங்கிவிடுகிறார்கள். பிறகு அதற்கு என்ன வேலை கொடுப்பது என்று தேடுகிறார்கள்.

ஊனமுற்றோர்க்கு உதவும் கருவியை அவர்களே வகுக்கும்போது காரியம் எப்படி மாறுகிறது என்பதற்கு டி. வி. ராமன் அவர்களைச் சொல்லவேண்டும். திருவில்வாமலையைப் பெயரில் ஏந்திய இவர் 1965-இல் புனேயில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். சொந்த ஊரை விட்டு வந்து வேற்று மொழி நகரில் வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தப் பிள்ளைப் பருவம் அந்நியமாகத் தோன்றாது. பதினான்காம் வயதில் கண்பார்வையை முற்றிலும் இழந்தார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் கற்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கடினமான கணித நூல்களைச் செவிக்கு விளங்கும்படி கணிப்பொறியே படித்துக் காட்டும் முறையை வகுத்ததே அவருடைய ஆராய்ச்சி.

பின்னர் 2005-இல் அவர் கூகிள் நிறுவனத்தில் சேர்ந்தார். அதன்பின் சில ஆண்டுகளில் பொத்தானே இல்லாத கண்ணாடிக் கைபேசிகள் சந்தைக்கு வரத் தொடங்கின. பழைய கைபேசியில் விரலால் தடவிப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்கலாம். வழுவழுப்பான கண்ணாடியில் எதைத் தடவுவது? ராமனும் அவருடன் பணியாற்றிய சார்ல்ஸ் சென் என்பவரும் கண்ட வழி வெகு எளிது. ‘5’ என்னும் எண் திரையில் ஓரிடத்தில் இருக்கிறது, அதைத் தேடிப் பிடி என்று சொல்வதற்குப் பதிலாக, விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுவே ‘5’ என்று வைத்தனர். மேலே இழுத்தால் 2, கீழே இழுத்தால் 8, இடப்புறம் 4, வலப்புறம் 6. தவறிவிட்டால் கைபேசியை ஒரு குலுக்குக் குலுக்கினால் கடைசி எண் அழிந்துவிடும். மனிதர் யந்திரத்தைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. யந்திரம் விரலைத் தேடி வருகிறது. பார்வை உள்ளவர்க்கு இந்த எண்ணம் தோன்றியிருக்க முடியாதென்று சொல்லமாட்டோம். ஆனால் தோன்றவேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை. ஆஸ்திரேலியாவில் 2006-இல் பார்வையற்ற இரு இளைஞர்கள் தொடங்கி, உலகெங்கும் விலையின்றி வழங்கப்படும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு மென்பொருளும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கல்கத்தாவுக்கு இதில் இன்னொரு பழைய தொடர்பும் உண்டு. லால் பிஹாரி ஷா என்பவர் 1897-இல் இங்கே பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கி, வங்காள மொழிக்கென ஒரு புள்ளியெழுத்து முறையை வகுத்தார். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பள்ளியில் தமிழுக்கு ஒரு முறை. வேறிடங்களில் வேறு முறைகள். ஒரு பள்ளியில் படித்த பிள்ளை மற்றொரு மாகாணத்தின் நூலைத் தொட்டால் ஒன்றும் விளங்காது. 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொது முறை வந்தது. அதன்படி தமிழில் ‘க’ எந்தப் புள்ளிகளோ, வங்காளத்திலும் ‘க’ அதே புள்ளிகள். ஆகவே தமிழ்ப் புள்ளியெழுத்து கற்ற ஒரு பிள்ளை டாக்குரியாவுக்குக் குடிவந்தால், வங்காள நூலின் ஒலியை முதல் நாளிலேயே விரலால் படித்துவிடும். கண்ணுள்ள நாமோ பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டோம்!

செயற்கை நுண்ணறிவை அலுவலகத்தில் ஏற்கும் முறைக்கு வருவோம். இதில் நம் இளைஞர்களிடம் இரண்டு கட்சி இருக்கிறது. எல்லாவற்றையும் அதனிடம் விட்டுவிடலாம் என்பது ஒன்று. அதைத் தொட்டாலே பிழைப்புப் போயிற்று என்பது மற்றொன்று. இரண்டாம் கட்சியினரின் அச்சத்தை ஏளனம் செய்வது தகாது. அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் 2023-ஆம் ஆண்டில் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அதன் கோரிக்கைகளில் இந்த யந்திரம் பற்றியதும் ஒன்று. முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, யந்திரத்தைப் பயன்படுத்துமாறு எந்த எழுத்தாளரையும் நிறுவனம் கட்டாயப்படுத்தலாகாது. நிறுவனத்தின் ஒப்புதலோடு அவர் விரும்பிப் பயன்படுத்திக்கொள்ளலாம். சித்திரம் தீட்டுபவரும் சொல் தேர்பவரும் உள்ள குழுவுக்கு இது நல்ல முன்மாதிரி. கட்டளையால் புகுத்திய கருவியை மனிதர் ஒளித்து வைத்து ஏமாற்றுவர். அல்லது சிந்திக்காமல் அதன் வாயிலிருந்து வந்ததை அப்படியே ஒப்படைப்பர்.

முதற் கட்சியினர்க்கு ஓர் ஆராய்ச்சியைச் சொல்லலாம். மெட்டர் என்னும் அமைப்பு 2025-இல் அனுபவம் மிக்க 16 நிரலாளர்களைக் கொண்டு 246 வேலைகளைச் சோதித்தது. அவர்கள் தமக்கு நன்கு பழக்கமான பெரிய நிரல்களிலேயே வேலை செய்தனர். சில வேலைகளில் யந்திர உதவிக்கு அனுமதி, சிலவற்றில் இல்லை. உதவி பெற்ற வேலைகள் நூற்றுக்கு 19 பங்கு அதிக நேரம் எடுத்தன. வேடிக்கை அதுவன்று. வேலை முடிந்த பின்னரும், தாம் 20 பங்கு விரைவாக முடித்ததாகவே அவர்கள் நம்பினர்! புதியவர்களுக்கும் பழகாத வேலைகளுக்கும் விளைவு வேறாக இருக்கக்கூடும். அதன்பின் வந்த யந்திரங்களும் மேம்பட்டவை. எனினும் ‘வேகமாக நடக்கிறது’ என்று குழுவினர் சொல்வதைக் கேட்டு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும் தலைவர், கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும்.

யாவர்க்கும் பயன்படும் வடிவமைப்புக்கும் இந்த யந்திரத்துக்கும் உள்ள உறவு இன்னும் சிக்கலானது. வெப்எய்ம் என்னும் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் வலைத்தளங்களின் முகப்புப் பக்கத்தைச் சோதிக்கிறது. 2025-இல் நூற்றுக்கு 94.8 பக்கங்களில் பார்வையற்றோர் முதலியவர்க்கு இடையூறான பிழைகள் காணப்பட்டன. படத்துக்கு விளக்கம் இராது. பொத்தானுக்குப் பெயர் இராது. எழுத்தும் பின்னணியும் ஒரே மங்கலில் இருக்கும். நிரல் எழுதும் யந்திரங்கள் இத்தகைய பக்கங்களைப் படித்துத்தான் தொழில் கற்றன. ஆகவே கேட்காவிட்டால் பெயரில்லாத பொத்தானைத்தான் கொடுக்கும். அதையும் அழகாகக் கொடுக்கும். பார்வையற்றவர் கைபேசி அதைத் தொட்டால் ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்று மட்டும் சொல்லும். பணம் அனுப்பும் பொத்தான் எது, ரத்து செய்யும் பொத்தான் எது என்று அவர் எப்படி அறிவார்?

இந்தக் குறையையும் யந்திரமே நீக்கிவிடும் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வரி நிரலைச் சேர்த்தால் எந்தத் தளமும் தானே எல்லோர்க்கும் உகந்ததாகிவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்ஸசிபீ என்னும் நிறுவனத்தை, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025-இல் பத்து லட்சம் டாலர் கட்டச் செய்தது. மூலிகைத் தைலம் ஒன்றே சகல நோய்க்கும் என்று எஸ்பிளனேடில் கூவி விற்பவரை நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் இதையும் பார்க்கவேண்டும்.

ஆனால் யந்திரம் செய்யும் நன்மையை மறைப்பதும் நேர்மையாகாது. சாகிப் ஷேக் என்னும் பார்வையற்ற பொறியாளர் முன்னின்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் 2017-இல் வெளியிட்ட செயலி, எதிரே உள்ள எழுத்தைப் படிக்கும், பொருளைச் சொல்லும். 2023 முதல் வேறு சில செயலிகளும் படத்தைக் கண்டு உரையாடவே தொடங்கியிருக்கின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் அமைத்த தமிழ் எழுத்துணரி, அச்சுப் புத்தகங்களைப் புள்ளியெழுத்தாக மாற்றப் பயன்பட்டிருக்கிறது. வங்காள எழுத்துக்கு அதே பணியைப் பேராசிரியர் பித்யுத் பரன் சௌதுரியும் உமாபத பாலும் நம் பாராநகர்க் கழகத்தில் செய்து, 1998-இல் வெளியிட்டனர்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த யந்திரங்கள் கற்ற எழுத்துக் குவியலில் தமிழின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. தவிரவும் அவை சொற்களைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. ஆங்கிலச் சொல் ஒன்றிரண்டு துண்டாகும். தமிழ்ச் சொல்லோ பல துண்டாகும். துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருப்பதால், அதே செய்தியைத் தமிழில் கேட்டால் செலவு கூடுதல். புதிய யந்திரங்களில் இந்த வேற்றுமை ஓரளவு குறைந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள ‘ஏ.ஐ. ஃபார் பாரத்’ என்னும் ஆராய்ச்சிக் குழு 22 இந்திய மொழிகளில் பேச்சையும் எழுத்தையும் திரட்டி வருகிறது. மத்திய அரசின் ‘பாஷிணி’ திட்டமும் 2022 முதல் நடைபெறுகிறது. எனினும் "மிஷ்டி தோய் இருக்கு, நாளைக்கு பஜார் போகணும், மாஷி வந்தாளா பாரு" என்று ஒரே மூச்சில் மூன்று மொழி பேசும் டாக்குரியாப் பாட்டியின் தமிழ் எந்தக் குவியலில் இருக்கப்போகிறது? சென்னை வானொலித் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த யந்திரம் இதைக் கேட்டுத் தடுமாறினால் வியப்பில்லை. குரல் திரட்டும் பணிகளுக்குப் புலம்பெயர்ந்தோர் வீடுகளும் வேண்டும் என்று கேட்கும் இடத்தில் நம் பிள்ளைகள் சிலர் இப்போது இருக்கிறார்கள். கேட்கலாம்.

குழுத் தலைவராயிருக்கும் நம் பிள்ளைகட்கு வீடே ஒரு பரிசோதனைச் சாலை என்பதையும் சொல்லிவிடுவோம். புதிய செயலியைப் பாட்டியின் கையில் கொடுத்து, பத்து நிமிஷம் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். "இங்கே தொடு பாட்டி" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பரிசோதனை போயிற்று. எங்கே தயங்குகிறார், எந்த எழுத்தைக் கண்ணாடி போட்டும் படிக்க இயலவில்லை, எந்தப் பொத்தானை நடுங்கும் விரல் இரண்டுமுறை அழுத்திவிடுகிறது என்று குறித்துக்கொண்டாலே போதும். இது பார்வையற்றோரையும் செவி கேளாதாரையும் சம்பளம் கொடுத்துக் குழுவில் சேர்ப்பதற்கு மாற்றாகாது, அதற்கு முன்னுரையாகும். 2016-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், முன்பிருந்த ஏழு வகைக் குறைபாடுகளை 21 ஆக விரித்திருக்கிறது. அந்த 21-இல் ஒருவரேனும் தம் குழுவில் இருக்கிறாரா என்று தலைவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஓய்வூதியம் பெறும் பெரியோர்கட்கு ஒரு குறிப்பு. உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நிரூபிக்கும் ‘ஜீவன் பிரமாண்’ சான்றிதழைக் கைபேசியில் முகத்தைக் காட்டியே பெறும் வசதி 2021 முதல் இருக்கிறது. கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், முகவாதம் வந்தவர், தலை நடுக்கம் உள்ளவர் ஆகியோர் முகம் பொருந்தவில்லை என்று யந்திரம் மறுத்தால் மனங்கலங்க வேண்டாம். விரல் ரேகையாலும் பெறலாம்; வங்கிக்கு நேரே சென்று காகிதத்தில் கையொப்பமிட்டும் கொடுக்கலாம்; சிறு கட்டணத்துக்கு அஞ்சல்காரரை வீட்டுக்கே வரவழைத்தும் முடித்துக்கொள்ளலாம். எண்பது வயதைக் கடந்தோர் அக்டோபர் மாதத்திலேயே தொடங்கிவிடலாம்.